தராசில் ஏறிய ஈயம்

அத்தியாயம் பன்னிரண்டு

சென்ற வாரம் மரியநாயகியைத் தராசின் மேல் நிறுத்திவைத்துவிட்டு நாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம் மனிசி, இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

ஒரு கையில் உரப்பை. பைக்குள் பழைய நண்டு வலைகளிலிருந்து கழற்றிய ஈயம். காலடியில் கண்ணாடித் தராசு. புதிதாக வந்து பார்க்கிறவர்கள் இவளுக்கு விசர் பிடித்துவிட்டதென்று நினைத்தால் அவர்கள் மேல் குற்றமில்லை. ஆகவே பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தராசு லண்டனிலிருந்து மகள் லவீனா அனுப்பியது. ஏறி நின்றால் போதும், நிறையை அது தானாகவே கைத்தொலைபேசிக்குச் சொல்லிவிடும். தொலைபேசி அதை யாழ்ப்பாண நகரத்தில் உள்ள இருதயக் கிளினிக்குக்கும், லண்டனில் லவீனாவின் போனுக்கும் ஒரே நேரத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும். நிறை ஒழுங்காக இருந்தால் பச்சை. கூடினாலோ குறைந்தாலோ மஞ்சள். இன்னும் கூடினால் சிவப்பு.

தராசில் ஏற வேண்டியவர் மரியநாயகி அல்ல, அவள் புருசன் கனிசியஸ். போன வருசம் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப் பிழைத்து வந்தவர். இருதயம் பாதிப் பலத்தில்தான் ஓடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு உடம்பில் நீர் தேங்கும், கால் வீங்குவதற்கு முன்னமே நிறை ஏறிக் காட்டிக்கொடுக்கும் என்று கிளினிக் தாதி கீர்த்திகா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கனிசியஸுக்கு இந்த நிறுவை பிடிக்கவே இல்லை.

"நான் என்ன கருவாட்டு மூட்டையே, விடிஞ்சால் எழும்பித் தூக்கி வைச்சு நிறுக்க?"

கேட்டுவிட்டு ஒரு நாள் விடியற்புறம் தம்பியின் மகன் டினேஸின் படகில் ஏறிப் பாலைதீவுக்குப் போய்விட்டார். அங்கே இவர்கள் ஊரான குருநகரின் மீனவர்கள் கொட்டில் போட்டுத் தங்கி நண்டு பிடிக்கிற வாடி இருக்கிறது. படகுக்கு ஓர் ஆள் குறைவாம். இவர் சும்மா கரையில் குந்தியிருந்து வலையில் நண்டு கழற்றுவாராம். இரண்டு நாளில் வந்துவிடுவாராம்.

போகட்டும், கடல்காரன் கடலுக்குப் போனான் என்று விட்டுவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் லவீனாவின் கையைப் பிடித்து, அந்தோனியார் ஆணை, இனிக் கடலில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தவர் இவர். அதை நம்பித்தான் பிள்ளை திரும்ப விமானம் ஏறினாள். "அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாதை நாயகி" என்று வாசல் படலையடியில் நின்று கெஞ்சிவிட்டுத்தான் போனார்.

முதல் நாள் தராசு சும்மா கிடந்தது. மத்தியானத்துக்குள் லண்டனிலிருந்து போனுக்கு மேல் போன். அப்பா ஏன் இன்னும் நிறுக்கேல்லை, அப்பாவுக்கு என்ன, அப்பாவிட்டைக் குடுங்கோ. மரியநாயகி என்னதான் செய்வாள்? ஓடிப்போய்த் தானே ஏறி நின்றாள். அவளுடைய நிறை போதாது. வேறு வீட்டுப் பெண் என்றால் அரிசிச் சாக்கைத் தேடியிருப்பாள். இவள் கடற்கரைக் குடும்பத்துப் பெண். கை தானாக ஈயத்துக்குப் போயிற்று. ஈயத்தில் ஒரு வசதி என்னவென்றால், குண்டு குண்டாகப் போட்டும் எடுத்தும் வேண்டிய நிறைக்குக் கொண்டுவரலாம். தராசோடு மகள் அனுப்பியிருந்த, பிறசர் பார்க்கிற பட்டியையும் தன் கையிலேயே சுற்றிக்கொண்டாள். பச்சை விழுந்தது. லவீனா மூச்சு விட்டாள்.

இரண்டு நாள் இரண்டு கிழமையைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு காலையும் பச்சை. லவீனா அப்பாவைக் கேட்டால், நித்திரை, கோயிலுக்குப் போய்விட்டார் என்று ஒவ்வொரு சாக்கு. கனிசியஸைப் போல ஒழுங்கான நோயாளி அந்தக் கிளினிக்குக்கு வாய்த்திருக்கவே மாட்டார்.

போன கிழமை டொக்டரே சந்தோசப்பட்டு ஒரு சொல் சொல்லி அனுப்பினார். நிறையும் ஏறவில்லை, பிறசரும் நல்லம், இனித் 'தண்ணி போற குளிசை'யை அரையாக்கலாம். உடம்பில் தேங்குகிற நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற மாத்திரை அது. நண்டு கொண்டுவந்த டினேஸிடம் மரியநாயகி அதை அப்படியே சொல்லிவிட்டாள். நல்ல சேதி என்றுதான் நினைத்தாள். அன்றைக்கு நிம்மதியாக ஒரு பிளேன்ரீயும் குடித்தாள்.

இனி இன்றைக்கு வருவோம்.

பச்சை விழுந்த கையோடு போன் அடித்தது. கீர்த்திகா.

"அம்மா, ஐயாவின்ரை நிறை நல்லா நிக்குது. டொக்டர் வலு சந்தோசம்."

"கடவுள் புண்ணியம் பிள்ளை."

"கால் வீக்கம் ஒண்டும் இல்லைத்தானே?"

மரியநாயகி குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. "இல்லைப் பிள்ளை."

"நல்லம். இண்டைக்குப் பின்னேரம் டொக்டர் வீடியோவிலை ஐயாவைப் பாக்கப் போறார். லவீனா அக்காவும் வேலையிடத்திலை இருந்து சேருவா. ஐயாவை வெளிச்சமான இடமாப் பாத்து இருத்துங்கோ. காலையும் ஒருக்காக் காட்டவேணும்."

"ஓம். இருத்திறன்."

சொல்லிவிட்டாள். இருத்துவதற்கு ஆள் வேண்டாமா?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவடியில் மருமகள் ஜெயனி நிற்கிறாள். மகன் சுபாஸ் கட்டாரில். அவன் பெண்சாதி ஜெயனி நண்டுக் கம்பனியில் கோது உடைக்கிற வேலைக்கு விடியவே போய்விடுவாள். அதனால் மாமியின் காலைக் கூத்து இதுவரை அவள் கண்ணில் படவில்லை. சோளகக் காற்று இரவிலிருந்து ஏறி அடித்ததில் இன்றைக்கு நண்டு வரத்து இல்லை. கம்பனியில் வேலையும் இல்லை.

"மாமி, உது என்ன பை?"

"ஈயம்."

"ஈயமெண்டு தெரியுது. தராசிலை என்னத்துக்கு ஈயத்தோடை நிக்கிறியள்?"

மறைக்க நேரமில்லை. மறைத்து மறைத்து மரியநாயகிக்கும் அலுத்துவிட்டது. கதிரையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாமா கடலுக்குப் போனது ஜெயனிக்குத் தெரியும். கிளினிக்குக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

ஜெயனிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மெய்யே மாமி? ஒவ்வொரு நாளும் ஈயத்தோடையே? ஈயத்தை வைச்சு லண்டன்காரியைப் பேய்க்காட்டி ஏமாத்தியிருக்கிறியள்." மரியநாயகிக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. இரண்டு கிழமையாகச் சிரிக்காத சிரிப்பு.

பிறகு ஜெயனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப மாமாவுக்குக் குளிசையை ஏன் அரையாக்கினவை?"

"நிறை ஏறேல்லையெண்டு."

"ஆரின்ரை நிறை மாமி?"

மரியநாயகி ஈயப் பையைத் திரும்பிப் பார்த்தாள்.

இவ்வளவு நாளும் அவள் நினைத்திருந்தது, மகளின் வாயை அடைக்கத்தான் தராசில் ஏறுகிறோம் என்று. அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு மறுபக்கத்தில் ஒரு டொக்டர் குளிசை வெட்டுவார் என்று அவளுக்குப் பட்டதே இல்லை. பச்சை என்றால் பேசாமல் விடுவார்கள் என்றுதான் அவள் அறிந்து வைத்திருந்தாள். அவர்கள் பேசாமல் விடவில்லை. அவளையும் ஈயத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்த்துவிட்டு, கடலுக்கு அப்பால் இருக்கிற மனிசனின் மருந்தைக் குறைத்திருக்கிறார்கள்.

"எழும்புங்கோ மாமி. காத்து இவ்வளவு ஏற முந்தி டினேஸ் விடிய வந்திட்டானாம். துறையிலை நிப்பான்."

குடையை எடுத்தாள் ஜெயனி. அந்தக் காற்றுக்குக் குடை எதற்கு? திரும்ப வைத்துவிட்டு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துறையில் படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. போக நினைத்தவர்களும் போகாமல் ஓலைக் கொட்டிலின் கீழ் ஒதுங்கி நின்றார்கள். டினேஸ் எஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது, சொந்தப் படகு, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பெரியம்மாவைக் கண்டதும் அவன் துடைப்பது கூடிவிட்டது. முகம் நிமிரவில்லை.

"பெரியப்பா எங்கையடா?"

"வாடியிலை. எங்கடை படகுப் பெடியன் ஜெரிசன் கூட நிக்கிறான். நான் வரச்சொன்னனான் பெரியம்மா. படகு ஆட்டம் தாங்கமாட்டனெண்டிட்டார்."

"படகு ஆட்டம் தாங்கமாட்டாரோ? அந்த மனிசனோ?"

டினேஸ் துணியைக் கீழே போட்டான்.

"நான் சொல்லுறன். நீங்கள் பதறப்படாது. கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. அமத்தினால் விரல் பதிஞ்சபடி கிடக்கு. சரிஞ்சு படுக்கேலாது. இரவிலை மரத்தோடை சாய்ஞ்சு குந்தியிருந்துதான் நித்திரை கொள்ளுறார்."

"எப்ப தொடக்கம்?"

"போன கிழமை தொடக்கம். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டார்."

சத்தியம் வாங்குவதும் கொடுப்பதும் அந்தக் குடும்பத்தில் ஒரு தொற்று வருத்தம். அதற்கு எந்த டொக்டரிடமும் மருந்தில்லை.

"வாடியிலை என்ன சாப்பாடு?" என்று ஜெயனி கேட்டாள்.

"வேறென்ன அண்ணி. உப்புக் கருவாடு, மீன் தீயல், சம்பல்."

உப்பு இருதய வருத்தத்துக்கு நஞ்சு என்று கீர்த்திகா முதல் நாளே சொன்னது. வீட்டில் மரியநாயகி கறிக்கு உப்புப் போடாமல் தானும் சப்பென்று தின்றவள்.

"குளிசை? குளிசையாவது ஒழுங்காப் போடுறாரோ?"

"அதிலை பிழை சொல்லேலாது பெரியம்மா. நீங்கள் சொல்லிவிட்டபடி பாதியா உடைச்சு, ஒரு நாளும் விடாமல் போடுறார்." டினேஸ் தயங்கினான். பிறகு சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நமக்குப் படுகிற சொல்லைச் சொன்னான். "குளிசையைக் குறைச்சாச்செண்டு நான் சொன்ன அண்டைக்கு அவருக்கு வந்த சந்தோசம் இருக்கே. 'டொக்டரே குறைச்சிட்டார், அப்ப எனக்குச் சுகம் வந்திட்டுதடா' எண்டவர். அதுவரைக்கும் கரையிலை குந்தியிருந்து நண்டு கழட்டின மனிசன், அண்டைக்குத் தொடக்கம் எங்களோடை கடலுக்கு வந்து வலை இழுத்தவர்."

மரியநாயகி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தான் ஏறி நின்ற தராசு புருசனுக்குச் சுகத்தைக் கொடுத்திருக்கிறது. அந்தப் பொய்ச் சுகத்தை நம்பி அவர் வலை இழுத்திருக்கிறார். யாரை நோவது?

"பிள்ளை, கீர்த்திகாவுக்கு எடு" என்றாள் ஜெயனியிடம்.

கீர்த்திகா எடுத்ததும் மரியநாயகி மூச்சு விடாமல் சொன்னாள். ஈயம், பட்டி, தீவு, வீக்கம் எல்லாம்.

"அம்மா," என்றாள் கீர்த்திகா. ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று மரியநாயகிக்கு இருந்தது. "இஞ்சை என்ரை ஸ்கிரீனிலை ஐயாவுக்கு எல்லாம் பச்சை. முழுக்கப் பச்சை. இதைப் பாத்துத்தானம்மா நாங்கள்..."

"தெரியும் பிள்ளை. இப்ப என்ன செய்ய? சொல்லு, செய்யிறன்."

கீர்த்திகா டொக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்ப லைனுக்கு வந்தாள். அரைக் குளிசை வேண்டாம், இப்போதே இரண்டு முழுக் குளிசை போட வேண்டும். உப்புச் சாப்பாடு நிறுத்த வேண்டும். ஆளைப் படுக்க விடாமல் நிமிர்த்தி இருத்தி, எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். மூச்சு இன்னும் முட்டினால் நேரம் அதிகம் இல்லை.

"நீங்கள் ஒண்டும் செய்யேலாதோ பிள்ளை? இவ்வளவு மிசின் எல்லாம் வைச்சிருக்கிறியள்."

"நாங்கள் இருந்த இடத்திலை இருந்து பாக்கலாமம்மா. தூக்கிக்கொண்டு வரேலாது."

தீவுக்குப் போன் போட்டார்கள். வாடியில் சிக்னல் விழாது என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஜெயனி திரும்பத் திரும்பப் போட்டாள். மீனவர் சங்கத் தலைவர் சந்தியோகு வந்தார். கதையைக் கேட்டார். கடற்படைக்கும் அறிவித்தார். வேட்டி பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தார்.

"அக்கா, நேவிக்காரரும் காத்து ஒருக்கா விழட்டுமெண்டு பாத்துக்கொண்டு நிக்கினம். இந்தக் கடலுக்கு ஆரின்ரை படகெண்டாலும் ஒண்டுதான்."

"நான் போறன்" என்றான் டினேஸ்.

"விசர்க்கதை கதையாதை. உனக்கும் பிள்ளையள் இருக்கு."

"நான்தானே கூட்டிக்கொண்டு போனனான்."

சந்தியோகு அதற்கு மேல் தடுக்கவில்லை. தானும் ஏறிக்கொள்ளப் போனவரை, வயது போன ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மற்றவர்கள் மறித்துவிட்டார்கள். இரண்டு பேர் டினேஸோடு ஏறினார்கள். எஞ்சின் உறுமியது.

மரியநாயகி தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி டினேஸின் சட்டையைப் பிடித்தாள்.

"முழுக் குளிசை ரெண்டு. டொக்டர் சொன்னவரெண்டு சொல்லு."

"ஓம் பெரியம்மா."

"ஈயத்தின்ரை கதையை மட்டும் சொல்லாதை. இந்த நிலையிலை கோவம் வந்தால் ஆளுக்கு என்னவும் ஆகிடும். ஆள் சுகமா வந்த பிறகு, பேந்து நானே சொல்லுறன்."

டினேஸ் தலையாட்டினான். அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நோயாளியின் கோபத்துக்குப் பயந்தாளா, புருசனின் முகத்துக்குப் பயந்தாளா என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் இருந்திருக்கும்.

படகு அலையில் ஏறியது, விழுந்தது, ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஏறுகிறதும் விழுகிறதும்கூடத் தெரியவில்லை.

பிறகு காத்திருப்பு. ஒரு மனிசியால் செய்யக்கூடிய வேலை அதில் ஒன்றுமில்லை. மரியநாயகி செபமாலையை உருட்டினாள். எத்தனையாவது மணி என்று மறந்து, திரும்பத் தொடங்கினாள். யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள், ஆறிப்போனது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம் என்று ஜெயனி கூப்பிட்டாள். அங்கே போனால் அந்தத் தராசைப் பார்க்க வேண்டும். வரமாட்டேன் என்றுவிட்டாள்.

பின்னேரம் வந்தது. அதோடு வீடியோ நேரமும் வந்தது.

டொக்டர் வரவில்லை, அவருக்குத்தான் காலையிலேயே எல்லாம் தெரியுமே. லவீனாவுக்கு யார் சொல்வது? ஜெயனியின் போனில் அவள் முகம் வந்தது. வேலையிட உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் கோப்பி மிசின்.

"ஜெயனி, ஏன் டொக்டர் இன்னும் வரேல்லை? அப்பா எங்கை? உது என்ன, கடற்கரையே?"

ஜெயனி போனை மாமியின் பக்கம் திருப்பினாள். பிறகு மனம் கேட்காமல் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள். "லவீனா, ஒருக்கா இரு. பதறாதை."

பதறாதே என்று சொன்னால் யார் பதறாமல் இருந்தார்கள்?

"அப்பா எங்கையெண்டு கேக்கிறன். காலமை எழும்பி முதல் வேலையா அதைத்தான் பாத்தனான். பச்சை. அதைப் பாத்திட்டுத்தான் நிம்மதியா வேலைக்கு வந்தனான். அம்மா, அப்பாவைக் காட்டுங்கோ."

அந்த நேரம் மரியநாயகியின் மடியில் இருந்த போன் அடித்தது. டினேஸின் இலக்கம். தீவை விட்டுக் கொஞ்சத் தூரம் வந்தால் கடலில் சிக்னல் விழும். அப்படியென்றால் படகு திரும்பிவிட்டது. அப்படியென்றால் ஆள் படகில்.

"பெரியம்மா, ஏத்தியாச்சு." காற்றும் எஞ்சினும் அவன் குரலைத் தின்றன. "ரெண்டு பேர் பிடிச்சுக்கொண்டு இருக்கினம். மூச்சுக் கஷ்டம். ஆனாக் குளிசையைப் போடமாட்டாராம். கேக்கிறாரில்லை. நீங்களே கதையுங்கோ."

"ஏன் போடமாட்டாராம்?"

பதில் டினேஸிடமிருந்து வரவில்லை. போன் கை மாறுகிற சத்தம். பிறகு இரண்டு கிழமையாகக் கேட்காத குரல். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் ஒரு மூச்சு.

"நாயகி."

"சொல்லுங்கோப்பா. நான் நிக்கிறன்."

"உவன் டினேஸ்... ரெண்டு முழுக் குளிசை... போடெண்டு... நிக்கிறான்."

"போடுங்கோ. டொக்டர் சொன்னவர்."

"டொக்டர்... அரையெண்டெல்லே... சொன்னவர். எனக்குச் சுகமெண்டு... சொன்னவர்தானே." அவர் நிறுத்தி மூச்சை இழுத்தார். அந்த இழுவைச் சத்தம் இங்கே துறை வரை வந்தது. "நீங்கள் பயத்திலை... கூட்டித் தாறியள். எனக்குத் தெரியும். கூடப் போட்டால்... ஆள் முடிஞ்சிடும்... எண்டு... அவரே சொன்னவர்."

வாழ்நாள் முழுக்க யார் சொல்லும் கேட்காத மனிசன், இப்போது டொக்டர் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். அந்தச் சொல் பொய் நிறையைப் பார்த்துச் சொன்னது என்று அவருக்குச் சொல்ல ஒரே ஒருத்தியால்தான் முடியும்.

மரியநாயகி திரும்பிப் பார்த்தாள். கொட்டிலடியில் ஊரே நின்றது. சந்தியோகு, வலைக்காரர், அவர்களின் பெண்சாதிமார். பக்கத்தில் ஜெயனி, அவள் கையில் போன், போனுக்குள் லவீனா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு.

"அது உங்கடை நிறை இல்லையப்பா" என்றாள் மரியநாயகி மெதுவாக. "நீங்கள் இல்லாத நேரம் நான்தான் ஏறி நிண்டனான்."

"என்ன?"

"டொக்டர் பாத்தது என்ரை நிறையை."

"கேக்கேல்லை நாயகி... காத்து. பெலத்துச் சொல்லு."

அவள் எழுந்தாள். எழுந்து நின்றால் குரல் தூரம் போகும் என்று நினைத்தாளோ என்னவோ. ஒரு கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, கோயிலில்கூடச் சத்தமாகப் பாடியறியாத அந்த மனிசி, துறை முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"அது உங்கடை நிறை இல்லை. நான் பொய்க்கு ஏறி நிண்டனான். டொக்டருக்கு ஒண்டும் தெரியாது. உங்களுக்குச் சுகமில்லையப்பா. சுகம் வரேல்லை. குளிசையைப் போடுங்கோ. என்னைப் பேந்து கொல்லுங்கோ, இப்ப குளிசையைப் போடுங்கோ."

கொட்டிலடியில் சந்தியோகு தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

போனில் எஞ்சின் சத்தம் கேட்டது. அலை அடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ ஏதோ சொல்வது போலவும் இருந்தது. பிறகு ஒன்றுமில்லை. காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். லைன் அறுந்துவிட்டது.

அவள் திரும்ப எடுத்தாள். நீங்கள் அழைத்த இலக்கத்துக்கு இப்போது தொடர்பு இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் அமைதியாகச் சொன்னாள். திரும்பவும் எடுத்தாள். திரும்பவும் சொன்னாள். கடலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, படகு என்று சொல்ல ஒரு புள்ளியும் இல்லை.

ஜெயனி போனை மாமியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். இனி அதைத் திருப்ப இடமில்லை.

லவீனா அழுதுகொண்டிருந்தாள். மரியநாயகி ஏச்சுக்குத் தயாராக நின்றாள். ஈயத்துக்கு, பொய்க்கு, உடைந்த சத்தியத்துக்கு, ஒவ்வொரு காலையும் லண்டனில் விழுந்த பச்சைக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து வரட்டும் என்று.

லவீனா ஏசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பாவுக்குக் கேட்டதோ அம்மா?"